தரை வேர்த்த வீடு

"தரை வேர்க்குது தம்பி" என்றார் ஆச்சி.

இத்தனை வருஷத் தொழிலில் விதவிதமான பிராதுகளைக் கேட்டிருக்கிறேன். வரப்பு நகர்ந்திருக்கிறது, கிணறு காணாமல் போயிருக்கிறது, செத்தவர் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். தரை வேர்த்ததாக அதுவரை யாரும் சொன்னதில்லை. பேத்தி கல்யாண அலைச்சலில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்து, "பழைய வீடுல்ல ஆச்சி, மழைக்காலத்துல ஈரம் ஏறும்" என்று சமாதானம் சொன்னேன்.

"சித்திரை மாசத்துல ஏது தம்பி மழை?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லிவிட்டு எழுந்தார். ஏழு மணி என்பதை இரண்டு தரம் சொன்னார். வெயில் ஏறினால் காய்ந்துவிடுமாம்.

இது 2014-ல். ஆச்சி எனக்குப் புதிய கட்சிக்காரர் அல்ல. அவருடைய கொழுந்தனார் தேவகோட்டை சப் கோர்ட்டில் போட்டிருந்த பாகப்பிரிவினை வழக்கில் ஆச்சிதான் முதலாம் பிரதிவாதி; அவருக்கு நான் வக்கீல். வழக்குச் சொத்தில் பெரியது காரைக்குடிப் பக்கம் இருந்த அந்தப் பூர்வீக வீடு. செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வளவு முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமாகப் பத்தி, பத்தியை ஒட்டி அறைகள், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. வீடு எல்லோருக்கும் பொது, அறைக்கு மட்டும் அவரவர் பூட்டு. வடக்குப் பத்தியில் மூன்றாவது அறை கொழுந்தனாருடையது. வழக்குப் போட்ட நாள் முதல் அது பூட்டியே கிடந்தது.

மறுநாள் காலையில் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். முகப்பில் இத்தாலியிலிருந்து வந்த வெள்ளைப் பளிங்கு. முன்பெல்லாம் அதில் உத்தரத்தின் நிழல் தெரியும். இப்போது உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் மங்கிக் கிடந்தது. வளவுப் பத்தி முழுக்க ஆத்தங்குடிக் கல். அதன் பச்சை சாம்பல் பூத்திருந்தது, செங்காவி சோகை பிடித்து வெளுத்திருந்தது. குனிந்து விரலால் தடவினேன். கோலமாவு தொட்ட மாதிரி ஒட்டியது. ஆனால் அது ஈரமான மாவு. பார்வையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் திட்டுத் திட்டாகத் தண்ணீர், நெற்றியில் அரும்பும் வேர்வையைப் போலவே. ஆச்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஜன்னல் கம்பிகளின் கீழ்ப்பாதி மட்டும் துருவேறி இருந்ததையும் பார்த்தேன். அன்று அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பேத்தி கல்யாணத்தைப் பூர்வீக வீட்டில்தான் நடத்த வேண்டும் என்று மகன் சென்னையிலிருந்து சொல்லிவிட்டார். வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கும்போது சாக்கு விரிக்கச் சோம்பல்பட்டதில் பத்தியெல்லாம் சுண்ணாம்புச் சொட்டு. வீட்டு வேலைக்காரப் பெண்கள் சுரண்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். மகன் போனிலேயே வெளியூர் நிறுவனம் ஒன்றைப் பிடித்தார். மாளிகை, மண்டபம், ஓட்டல் எல்லாம் சுத்தம் செய்து தருகிறவர்கள். "டீப் கிளீனிங்" என்று பில் போட்டு 42,000 ரூபாய். ஒரு வேனில் நாலு பையன்கள், இரண்டு சுழல் பிரஷ் மெஷின், ஏழெட்டு பிளாஸ்டிக் கேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது. சுண்ணாம்புச் சொட்டு ஒன்றுகூட இல்லை. தரையும் இல்லை.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைக் கல் என்பதே வாய்வழக்கு. சூளையில் வேகாத பொருள் அது. ஆத்தங்குடிப் பட்டறைகளில் போய் நின்றால் யாரும் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகடு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் மொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறமாக ஊற்றுவார்கள். தகட்டைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்வார்கள். காயவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டால் கண்ணாடி தானே கழன்றுவிடும். தரையில் தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்துவிட்டுப் போனது. பிறகு காலடி பட்டுப் பட்டு, எப்போதாவது தேங்காயெண்ணெய் சில சொட்டு விட்ட துணியால் துடைத்துத் துடைத்து, அது கூடிக்கொண்டே போகும். ஐம்பது வருஷத் தரை ஐந்து வருஷத் தரையைவிட அழகாக இருக்கும். வாடகைக்கு விட்ட வீடுகளில்கூட நான் பார்த்திருக்கிறேன், தரையின் வயது முகத்தில் தெரியாது.

ஆனால் சிமெண்டும் சுண்ணாம்பும் பளிங்கும் ரசாயனக் கணக்கில் ஒரே குடும்பம். மூன்றுக்கும் உயிர் சுண்ணாம்புச் சத்தில்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது கடையில் பாத்ரூம் கழுவ வாங்கும் ஆசிட், வெள்ளையடித்த சொட்டைக் கரைக்கும். அடியில் இருக்கும் தரையைப் பார்த்து அங்கே நிறுத்திக்கொள்ள அதற்குத் தெரியாது. கரைந்தது கால்சியம் குளோரைடாக மாறிக் கல்லின் துளைகளுக்குள் உட்காரும். அந்த உப்புக்கு ஒரு குணம், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னையே கரைத்துக்கொள்ளும். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாக்களில் இருப்பதும் அதேதான். ஆச்சி வீட்டுத் தரை விடியற்காலையில் வேர்த்ததன் ரகசியம் இவ்வளவுதான். ஜன்னல் கம்பியின் துரு அமிலப் புகை பட்டதால் வந்தது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வேதியியல் பேராசிரியர். அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய ஊர் காரைக்குடி. அந்த ஊர்ப்பக்கத்து வீட்டில் ஆசிட்டை ஊற்றித் தரையைக் கழுவியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வந்தது. நாங்கள் பயன்படுத்தியது கல்லுக்குப் பாதுகாப்பான, அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் திரவம். தரை கெட்டது எழுபது வருஷத் தேய்மானத்தாலும் அந்த ஊர் உப்புத் தண்ணீரில் துடைத்ததாலும். வேலை செய்த பையன்கள் வேறொரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எப்படியிருந்தாலும் பில்லின் பின்பக்கத்தில் கண்டுள்ள நிபந்தனைப்படி எந்தச் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல, மிஞ்சிப்போனால் பில் தொகைதான். நாலு கோட்டை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது கோட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் புகார் தாக்கல் செய்தோம். அப்போது 1986-ஆம் வருஷச் சட்டம். மாவட்ட மன்றத்தின் வரம்பு 20 லட்சம் ரூபாய். நாங்கள் கேட்டது 7,40,000. செய்த வேலையின் தரத்திலோ தன்மையிலோ செய்த விதத்திலோ குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு என்று அந்தச் சட்டத்தின் 2(1)(ஜி) பிரிவு சொன்னது. சட்டம் எங்கள் பக்கம் தெளிவாக இருந்தது. இல்லாதது சாட்சியம். கேன்களை அவர்கள் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். கல்யாண வீட்டில் ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் மாப்பிள்ளை பெண் போட்டோ. ஆச்சிக்கு இழுப்பு உண்டு. நெடி தாங்காமல் அந்த இரண்டு நாளும் மாடியில் இருந்துவிட்டார். அதைவிட மோசம், வழக்கு வாய்தா வாய்தாவாக நகர நகர, ஆச்சி வீட்டுப் பெண்கள் வழக்கம்போல் தினமும் தண்ணீர் போட்டுத் துடைத்ததில் கல்லில் இருந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போனது. ஒரு வருஷத்தில் தரை வேர்ப்பது நின்றே போயிற்று. "வேர்க்கும் தரையைக் காட்டுங்கள், நாங்களும் பார்க்கிறோம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மன்றத்தில் நக்கலடித்தபோது என் கையில் காட்ட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விட்டால் இது யோக்கியமான கட்டுரை ஆகாது.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் கொழுந்தனார் ஊருக்கு வந்து தன் அறையைத் திறந்து பார்த்திருக்கிறார். உடனே தேவகோட்டையில் ஓர் இடைமனு. முதலாம் பிரதிவாதி வேண்டுமென்றே ஆட்களை வைத்து ஏதோ திரவத்தை ஊற்றி, அது கதவுக்கடியில் புகுந்து என் அறைத் தரையையும் நாசம் செய்துவிட்டது. அட்வகேட் கமிஷனரை நியமித்துப் பார்வையிட வேண்டும் என்று. பாகப்பிரிவினை வழக்கில் மாதத்துக்கு ஒரு இடைமனு வரும். தென்னை மரத்தில் தேங்காய் பறித்தார், சாமி அறை வெள்ளிக் குத்துவிளக்கைக் காணோம், இப்படி. அவற்றுக்கெல்லாம் போடும் எதிருரையை என் குமாஸ்தா தூக்கத்திலும் டைப் அடிப்பார். "மனுவில் கண்ட சங்கதிகள் யாவும் பொய், கற்பனை, வழக்குக்காகச் சோடிக்கப்பட்டவை. எந்தத் திரவமும் எந்தத் தரையிலும் ஊற்றப்படவில்லை." நான் கையெழுத்துப் போட்டேன், ஆச்சியும் போட்டார். மனுவைப் படித்தேனா என்று கேட்டால், படித்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நுகர்வோர் மன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த எதிருரையின் சான்றிட்ட நகலை எடுத்து மேசைமேல் வைத்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அவசரமே படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்தத் திரவமும் எந்தத் தரையிலும் ஊற்றப்படவில்லை" என்ற வரியை இரண்டு தரம் படித்தார். புகார்தாரரே சத்தியப் பிரமாணத்தில் சொன்னது, தயார் செய்தவர் என் கற்றறிந்த நண்பர், என்றார். மன்றத் தலைவர் என்னைப் பார்த்தார். பெண் உறுப்பினர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க என்று நினைக்கிறேன். நான் வாய்தா கேட்டேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான், முதல் தடவையாக, கொழுந்தனாரின் இடைமனுவை நிதானமாகப் படித்தேன். கதவுக்கடியில் புகுந்தது. பூட்டிய அறை. யாரும் துடைக்காத தரை. நான் பொய் என்று எழுதிக் கொடுத்த மனுதான் என் வழக்குக்கு இருந்த ஒரே சாட்சி.

எதிர்க்கட்சிக்காரரை நேரில் போய்ப் பார்ப்பது தொழில்முறை ஆகாது. அவருடைய வக்கீல் எனக்குப் பத்து வருஷம் சீனியர், என்னைப் பிடிக்காதவர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப என் மனு உண்மைங்கிறீரா?" என்றார். உண்மைதான் என்றேன். "அதை எழுதிக் கொடும்." தேவகோட்டையில் கூடுதல் எதிருரை தாக்கல் செய்தேன். முந்தைய எதிருரையில் கண்டது கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அறையில் திரவம் புகுந்தது உண்மை, ஆனால் அது பிரதிவாதியின் செயலல்ல, அவர் அமர்த்திய நிறுவனத்தின் கவனமின்மை. இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது வக்கீலுக்கு எவ்வளவு கசக்கும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். அதன் நகலை நானே நுகர்வோர் மன்றத்திலும் கொடுத்தேன். வீட்டைப் பார்வையிட ஒரு கமிஷனர் நியமிக்கும்படியும் மனுப் போட்டேன். மன்றம் ஏற்றுக்கொண்டது.

கொழுந்தனார் சாவியைக் கொடுத்தனுப்பவில்லை. தானே கொண்டுவந்தார். முகப்புத் திண்ணையில் ஆச்சி ஒரு கோடியில், அவர் மறு கோடியில். எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆச்சி காபி கொடுத்தனுப்பினார், அவர் தொடவில்லை. "அவுகளுக்காக நான் வரலை. எங்க அப்பச்சி போட்ட தரை" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பூட்டு திறந்தது. அடைந்த காற்றின் வாடை. கமிஷனர் டார்ச் அடித்தார். நிலைவாசலின் அடிக்கட்டையைக் கரையான் அரித்ததில் ஒரு விரல் கனத்துக்கு இடுக்கு இருந்தது. அந்த இடுக்கிலிருந்து அறைக்குள் ஒன்றரை முழ நீளத்துக்கு, நாக்கு நீட்டியது போல, ஒரு வெள்ளைத் திட்டு. கடல் அலை வந்து திரும்பிய மணலில் ஓரத்தில் ஒரு கோடு நிற்குமே, அப்படி ஒரு கோடு. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். அந்தக் கோடு ஒரே கல்லின் நடுவில் ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பூவின் பாதி இதழ்கள் சாம்பல். அந்தப் பக்கம், தூசிக்குக் கீழே, அதே பூவின் மீதி இதழ்கள் பச்சை மாறாமல் இருந்தன. கமிஷனர் கைக்குட்டையால் துடைத்ததும் டார்ச் வெளிச்சம் அங்கே பளிச்சென்று திரும்பியது. நாக்கின்மேல் பட்ட வெளிச்சம் திரும்பவில்லை. தொட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்கே" என்றார்.

பேராசிரியர் தன் சோதனையை அங்கேயே செய்தார், இரண்டு தரப்பு வக்கீல்கள் முன்னால். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை மூன்று இடத்தில் வைத்தார்: வெளியே பத்தியில் ஒன்று, அறைக்குள் வெள்ளை நாக்கின்மேல் ஒன்று, கோட்டைத் தாண்டி நல்ல தரையில் ஒன்று. அரைமணி நேரம் கழித்துப் பஞ்சைத் தனித்தனிச் சோதனைக் குழாயில் பிழிந்தார். நான்காவது குழாயில் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். எல்லாவற்றிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி கலங்கியது. நல்ல தரையும் பத்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் கலங்கின. நாக்கின்மேல் வைத்த பஞ்சு மட்டும் குழாயில் தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக இறங்கியது.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். "இது உப்பு இருக்கிறது என்று சொல்லும். ஆசிட் ஊற்றினார்கள் என்று சொல்லுமா?" என்றார்.

"சொல்லாது" என்றார் பேராசிரியர். எனக்கு வயிறு கலங்கியது. அவர் தொடர்ந்தார்: "உப்புத் தண்ணியில துடைச்சிருந்தா கோடு போட்டு நிக்காது. தேய்மானம்னா கதவு பூட்டியிருக்கிற அறைக்குள்ள இடுக்கு வழியா போய்த் தேயாது. நீங்க சொல்ற நடுநிலைத் திரவம் சிமெண்டைத் தின்னாது. மிச்சம் என்னன்னு நீங்களே சொல்லுங்க." கமிஷனர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பாக்கி இருந்தது தரையைக் கழுவிய பையன்களில் ஒருவன். நிறுவனம் அவன் பெயரில் ஒரு நிரூபண வாக்குமூலம் போட்டிருந்தது, நல்ல ஆங்கிலத்தில், நடுநிலைத் திரவத்தின் குணநலன்களை விவரித்து. அடியில் தமிழில் கையெழுத்து. நுகர்வோர் மன்றத்தில் எல்லாம் பிரமாண வாக்குமூலத்தில்தான் ஓடும். கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். கமிஷனர் முன் விசாரிக்கவோ கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கவோ வழி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஜே.ஜே. மெர்ச்சண்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது. கமிஷனர் முன் அவனை விசாரிக்க அனுமதி வாங்கினேன்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தான். மேசைமேல் வைத்த கைகளைத்தான் நான் முதலில் பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்து உரிந்து மழமழவென்றிருந்தது.

கேன் மேல் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் எழுதலை சார். வெள்ளைக் கேன். மூடியைத் திறந்தா புகையும்." கைக்கு உறை கொடுத்தார்களா? "பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்குவோம் சார்." அந்தத் தரை எதனால் ஆனது என்று யாராவது சொன்னார்களா? "டைல்ஸ்னாங்க." ஊற்றியதும் என்ன ஆயிற்று?

"நுரைச்சுது சார்."

"நுரைத்ததும் என்ன செய்தாய்?"

"அழுக்கு கெளம்புதுன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மடக்கிப் பையில் வைத்தார். மறு விசாரணை இல்லை என்றார். அந்த நுரை தரையேதான், கரைந்து காற்றாகப் போய்க்கொண்டிருந்தது என்பது அந்தப் பையனுக்கு அப்போதும் தெரியாது. பேராசிரியர் வாசலில் வைத்து அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் வக்கீல் ஆகையால் என் வேலை முடிந்தது என்று கிளம்பினேன். அடுத்த வாரமே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு வாதம் என்பது சம்பிரதாயம். ஒப்பந்தக்காரர் ஆள் என்ற கோட்டை முதலில் விழுந்தது. பணம் வாங்கி பில் கொடுத்தவர்தான் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் யாரை வைத்துச் செய்தார் என்பது அவர் கவலை. பில்லின் பின்பக்கத்துக்கு ஒரு பழைய தீர்ப்பைக் கொண்டுபோயிருந்தேன். லில்லி ஒயிட் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம், ஏ.ஐ.ஆர். 1966 மெட்ராஸ் 13. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துவிட்டது. தொலைந்தால் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று சலவைக் கடை ரசீதில் அச்சிட்டிருந்தது. அப்படியானால் புடவையைத் தொலைப்பதே கடைக்கு லாபமாகிவிடும். இது பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்றது நீதிமன்றம். புடவைக்குச் சொன்னது தரைக்கும் பொருந்தும் என்று வாதாடினேன். மன்றத்தின் பெண் உறுப்பினர் பில்லை வாங்கித் தூக்கிப் பிடித்துப் படிக்கப் பார்த்து, "இதைப் படிக்கவே முடியலையே" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

தொகையில்தான் இழுபறி. மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். பளிங்குக்கு அது உண்மை. அது உள்ளும் புறமும் ஒன்று. வைரத் துகள் பதித்த வட்டுகளால் படிப்படியாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும், திரும்பவும் செய்தது. ஆத்தங்குடிக் கல் அப்படியல்ல. பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கமிஷனர் முன் ஒரு கல்லை உடைத்து வெட்டுமுகத்தைக் காட்டினார். மேலே வாழைப்பழத் தோல் கனத்துக்கு வண்ணம், அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறக் கலவை. "தேய்ங்க, சிமெண்டுத் தரை வரும்" என்றார்.

2017-ல் உத்தரவு. பத்தித் தரையைப் பெயர்த்து மறுபடி பதிக்கவும் பளிங்கைப் பாலிஷ் போடவும் 3,85,000, மன உளைச்சலுக்கு 50,000, செலவுத் தொகை 5,000, பில் பணம் 42,000 திரும்ப. நிறுவனம் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. மதுரைக் கிளையில் ஒரு வருஷம் கிடந்த பிறகு, பேசி முடித்துக்கொண்டார்கள். பில் பணத்தை மட்டும் விட்டுக்கொடுத்தோம். ஆத்தங்குடியில் பழைய பூ அச்சு ஒருவரிடம் கிடைத்தது. ஆனால் புதுப் பச்சை பழைய பச்சையாக இல்லை. "அதுக்கு இன்னும் ஒரு அம்பது வருஷம் ஆகும்" என்று ஆச்சி சொன்னார். கொழுந்தனாரின் அறையில் அந்த நாக்கு அப்படியே இருக்கிறது. அவர் தொட விடவில்லை. பாகப்பிரிவினை வழக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்று வருஷம் முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை, ஆபீசுக்கு ஒருவர் வந்தார். முகம் தெரியவில்லை, கையைப் பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பையன். இப்போது சொந்தமாக வீடு சுத்தம் செய்யும் தொழில், ஒரு வேன், கூட மூன்று பேர். தோளில் தொங்கிய பையைத் திறந்து காட்டினான். ரப்பர் கையுறை, பேர் எழுதிய பாட்டில்கள், ஒரு எலுமிச்சம்பழம்.

"எதுக்குப்பா இது?"

"பீரோவுக்கு அடியில யாருக்கும் தெரியாத மூலையில ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன் சார். நுரைச்சா அந்தத் தரையில ஆசிட் பக்கமே போக மாட்டேன். அந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தது."

சந்தோஷமாக இருந்தது. வந்த காரியம் என்ன என்று கேட்டேன். பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கப் போகிறானாம், சட்டப்படி என்னென்ன போட வேண்டும் என்று எழுதித் தரவேண்டும். பேர், விலாசம், வேலை விவரம், எந்தத் தரைக்கு எந்தத் திரவம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தான். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"பின்னாடி ஒண்ணும் எழுதலையே சார்?"

"பின்னாடி என்ன?"

"எந்தச் சேதத்துக்கும் நாங்க பொறுப்பில்லைன்னு சின்ன எழுத்துல போடுவாங்கல்ல சார், அது."

அது செல்லாது, உன் வழக்கிலேயேதான் செல்லாது என்று சொன்னார்கள் என்றேன்.

"தெரியும் சார். இருந்தாலும் எல்லாரும் போட்டிருக்காங்க" என்றான்.